வட்டக் கீறல்

டிஸ்க் அக்கா தன் வாழ்நாளில் ஒரு வீடியோ கேம்கூட விளையாடியது கிடையாது. ஆனால் எந்த விளையாட்டு எந்த இடத்தில் நின்றுபோகும் என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவாள். அந்த நீல அட்டை கார் பந்தயமா, மூன்றாவது மைதானத்தில் மக்கர் பண்ணும். வாள் சண்டையா, பாலத்தைத் தாண்டுவதற்குள் படம் உறைந்துபோகும். யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

பழைய வீடியோ கேம்களை வாங்கி, விற்று, வாடகைக்கும் விடுகிற கடை அது. ஒரு பக்கம் சலவைக்கடை, இன்னொரு பக்கம் சாவி வெட்டுகிறவர். முன்பக்கம் அலமாரிகளும் கல்லாவும் முதலாளியும். பின்பக்கம் ஒரு சின்ன அறை. அதில் ஒரு இரும்பு மேஜை, கழுத்தை வளைக்கக்கூடிய ஒரு மேஜை விளக்கு, ஒரு சின்ன டிவி, ஓட்டிப்பார்க்க ஒரு கேம் பெட்டி, ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில்தான் ஒன்பது வருஷமாக அக்கா உட்கார்ந்திருக்கிறாள்.

அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஒரு துணி கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். சட்டைகள் வரிசையாக வரும். தையல் விட்டதை, பொத்தான் இழுத்ததை, காலர் கோணியதைத் தனியே எடுத்துப் போட வேண்டும். கம்பெனியை ஒருநாள் மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரில் விரிசல் தேடிக்கொண்டிருந்தவளிடம், கண் நன்றாக இருக்கிற ஆள் வேண்டும் என்று கேம் கடைக்காரர் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சாவி வெட்டுகிறவர் சொன்னார். போனாள். முதலாளி பத்து டிஸ்கைக் கொடுத்து, கெட்டது எது என்று கேட்டார். அவள் நாலைத் தள்ளி வைத்தாள். அதில் ஒன்று, அன்று காலைதான் புதுசு என்று நம்பி அவர் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க். முதலாளி அதை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எப்போது வேலைக்கு வர முடியும் என்று கேட்டார்.

வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டை ஒருமுறை விளக்கில் சாய்த்துப் பார்ப்பாள். தண்ணீர் லாரி ஓட்டுகிற அவள் கணவருக்கு அது ஒரு தீராத வேடிக்கை. தட்டில் கீறல் இருந்தால் சோறு பாதியில் நின்றுவிடுமா என்று கேட்பார். இந்த ஒன்பது வருஷமாக அவர் போடுகிற ஒரே ஜோக் அதுதான் என்பாள் அக்கா, மற்றதையெல்லாம் மறந்துவிட்டு.

அவளுடைய வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டிஸ்கின் படம் போட்ட மேல்பக்கம். ஜனங்கள் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். மேல்பக்கம் குத்துப்பட்டால் பல டிஸ்குகளுக்கு அதோடு கதை முடிந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. விளக்குக்கு நேரே பிடிப்பாள். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் ஒழுகினால் குப்பைக்கூடை. அடுத்து நடு ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுவாள். விரிசல் விட்ட டிஸ்க், சுற்றுகிற வேகத்தில் பெட்டிக்குள்ளேயே தெறித்துப்போகும். அதற்கப்புறம்தான் அடிப்பக்கம். அது தேறினால் பெட்டியில் போட்டு ஐந்து நிமிஷம் ஓட்டிப்பார்ப்பாள். ஓடினால் அன்றைய தேதியோடு பச்சை ஸ்டிக்கர் ஒட்டி உறையில் போடுவாள். முதலில் கண், பிறகு மிஷின். இந்த வரிசையை அவள் ஒருநாளும் மாற்றியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கீறலைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவாள். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோடு போனால், சட்டை நுனியால் துடைக்கிற ஆசாமி. கோழி கிளறினாற்போல் கிடந்தால், உறையில் போடாமல் சாவிக்கொத்தோடு பையில் போட்டவர். பிசுபிசுவென்று விரல் ரேகை இருந்தால் பிஸ்கட் தின்றுகொண்டே விளையாடுகிற குழந்தை. காம்பஸ் வைத்து வரைந்தது போல முழு வட்டமாக ஒரு கீறல் இருந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். டிஸ்க் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்போது யாரோ பெட்டியை நகர்த்தியிருக்கிறார்கள்.

நாலு மாதத்துக்கு முன் முதலாளி ஒரு பாலிஷ் மிஷின் வாங்கிப் போட்டார். லேசான கீறலைத் தேய்த்து எடுக்கிற மிஷின். பழைய வகை டிஸ்கைத்தான் அதில் தேய்க்கலாம். புது வகையில் விஷயமெல்லாம் அடிப்பக்கத் தோலுக்குக் கீழேயே இருப்பதால், தேய்த்தால் உள்ளதும் போய்விடும். இதெல்லாம் அக்கா ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். இடம்தான் பிரச்சினை. ஒரே மேஜை. அதில் மிஷினும் உட்கார வேண்டும், டிவியும் இருக்க வேண்டும். அதனால் படுத்துக்கிடந்த கேம் பெட்டியைச் செங்குத்தாக நிற்க வைத்தாள். நிற்க வைத்தும் ஓட்டலாம் என்று பெட்டியின் அட்டையிலேயே படம் போட்டிருந்தது.

அதற்கப்புறம்தான் வட்டக் கீறல்கள் வர ஆரம்பித்தன. வருஷத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம் என்றிருந்தது, மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு என்று வந்தது. ஜனங்களுக்குப் பொறுப்பே போய்விட்டது என்று அக்கா முதலாளியிடம் அலுத்துக்கொண்டாள். 'டிஸ்க் ஓடும்போது பெட்டியை நகர்த்தாதீர்கள்' என்று முதலாளி ஒரு அட்டை எழுதிக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டார். வாசகம் அக்காவுடையது.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை அவளுடைய தங்கை புருஷன் வந்து நின்றார். லிப்ட் மெக்கானிக். அதிர்ந்து பேசாத மனிதர். வெள்ளிக்கிழமை எடுத்துப்போன டிஸ்க் நாலாவது கட்டத்துக்குமேல் நகரவில்லை என்றார். அக்கா வாங்கி விளக்கில் சாய்த்தாள். அழகான முழு வட்டம்.

வெள்ளிக்கிழமை தன் கையால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க் அது. யாராவது பெட்டியை நகர்த்தினீர்களா என்று கேட்டாள். அவர் யாரும் தொடவில்லை என்றார். தானும் நகர்த்தவில்லை, மனைவியும் நகர்த்தவில்லை என்றார். மகளையும் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன், அவளும் இல்லை என்கிறாள் என்றார். கடையில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். சொந்தக்காரர் என்பதற்காகச் சலுகை காட்டுகிறாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்று அக்காவுக்கு ஒரு வீம்பு.

"டிஸ்க் பொய் சொல்லாது மாப்பிள்ளை. மனுஷங்கதான் சொல்லுவாங்க. வீட்டுல போய் இன்னொரு தடவ நல்லா கேட்டுப் பாருங்க."

மாப்பிள்ளை முகம் சுருங்கிப்போனது. முதலாளி சேதப் புத்தகத்தில் அவருடைய உறுப்பினர் அட்டை எண்ணை எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் அக்காவே 'நகர்த்தியது' என்று எழுதினாள்.

வீட்டில் இன்னொரு தடவை நல்லா கேட்டார்கள். மூன்று பேர் இருக்கிற வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேரும் இல்லை என்றால் மிச்சம் யார்? எட்டு வயது மகள். அவளுக்குச் செல்லப் பெயரே வாலு. குடையை விரித்துக் கட்டிலிலிருந்து குதித்தவள், கடிகாரத்தைத் தண்ணீரில் போட்டு ஓடுகிறதா என்று பார்த்தவள். அவள் நகர்த்தவில்லை என்றால்தான் ஆச்சரியம். புதன், வியாழன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை, ஆமாம் நான்தான் என்று வாலு சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை அவளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். வாலு சுவரைப் பார்த்துக்கொண்டு, சாரி பெரியம்மா, நான்தான் நகர்த்தினேன் என்று ஒப்பித்தாள். அக்கா பெருந்தன்மையாக அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"நகர்த்தினது ஒண்ணும் பெரிய தப்பு இல்லடா கண்ணு. இல்லைன்னு சொன்ன பாரு, அதுதான் தப்பு."

வாலு தலையாட்டினாள். எல்லாம் சுமுகமாக முடிந்ததாக அக்கா நினைத்தாள். அன்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள், அதைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும்.

தங்கை வீட்டுக் கேம் பெட்டி பீரோவுக்கு மேலே ஏறியது. சனிக்கிழமைகளில் அக்கா வீட்டுக்கு வந்து வீட்டைத் தலைகீழாக்குகிற வாலு வருவதை நிறுத்திக்கொண்டாள். தங்கை போனில் பேசும்போது, ரிமோட் காணோம் என்றாலும் கத்தரிக்கோல் காணோம் என்றாலும் முதலில் இவளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது, ஒருதரம் பொய் சொன்னவள்தானே என்றாள். இன்னொன்றும் சொன்னாள். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் ஆமாம், இல்லை என்று சொல்வதில்லையாம். தெரியல என்கிறாளாம். வயசு அப்படி என்று அக்கா சமாதானம் சொன்னாள். சொல்லும்போதே மனசுக்குள் ஏதோ நெருடியது. பிள்ளை வராத சனிக்கிழமை வீடு வெறிச்சென்றுதான் இருந்தது.

ஆறு வாரம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற ஒருவர் புதிதாகச் சேர வந்தார். ஒரு டிஸ்கைக் கேட்டார். அக்கா ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அதைப் பார்த்து, ஓட்டி, ஸ்டிக்கர் ஒட்டி வெளியே கொடுத்திருந்தாள். சாதாரணமாக எல்லோரும் உறையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் நாள் முழுக்கக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்கிறவர். கல்லா முன்னாலேயே உறையைத் திறந்து, டிஸ்கை எடுத்து, டியூப்லைட்டில் சாய்த்தார்.

"இதுல வட்டமா கீறல் இருக்குங்களே" என்றார்.

முதலாளி சிரித்துக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டார். அவள் பார்த்த டிஸ்க், அதில் என்ன கீறல் வந்துவிடும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அக்கா கோபமாகத்தான் வந்தாள். வாங்கிச் சாய்த்தாள். முழு வட்டம்.

ஸ்டிக்கரில் இன்றைய தேதி. அவள் கையெழுத்து. ஒரு மணி நேரத்துக்கு முன் அவள் கண்ணால் பார்த்தபோது கீறல் இல்லை. அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அதற்கப்புறம் இந்த டிஸ்க் எந்த வீட்டுக்கும் போகவில்லை. பின்னறையிலிருந்து கல்லா வரை பத்தடி தூரம் வந்திருக்கிறது. அவ்வளவுதான். நடுவில் அது நுழைந்து வந்தது ஒரே ஒரு இடம்.

அக்கா கண்ணாடிக் கடைக்காரருக்கு வேறு ஒன்றைக் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குப்பைக்கூடையில் அடிப்பக்கம் நன்றாக இருக்கிற ஒரு டிஸ்கைத் தேடி எடுத்தாள். மேலே மட்டும் அடிபட்டு, விளையாட்டின் முதல் படம் வரை ஓடுகிற டிஸ்க். விளக்கில் பார்த்தாள். சுத்தம். பெட்டியில் போட்டு ஐந்து நிமிஷம் ஓட்டி எடுத்துப் பார்த்தாள். அப்போதும் சுத்தம். கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன் என்னவெல்லாம் செய்தோம் என்று யோசித்தாள். அந்த டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தபோது, சும்மா எதற்கு உட்கார்ந்திருப்பது என்று இன்னொரு டிஸ்கைப் பாலிஷ் போட்டாள். நேரம் மிச்சமாகுமே என்று அடிக்கடி செய்கிறதுதான்.

மறுபடியும் அதே டிஸ்கை ஓடவிட்டு, பாலிஷ் மிஷினின் சுவிட்சைப் போட்டாள். மிஷின் உறுமியது. இரும்பு மேஜை அதிர்ந்தது. நின்றுகொண்டிருந்த பெட்டியின் தலை, பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு, இப்படியும் அப்படியும் ஆடியது. அவள் பெட்டியின்மேல் காதை வைத்தாள். உள்ளே, உறுமலுக்கு அடியில், கிர்ரென்று ஒரு சத்தம். அரை நிமிஷம்கூட இருக்காது. எடுத்து விளக்கில் சாய்த்தாள்.

அவள் யாருடைய டிஸ்கிலும் பார்த்திராத அத்தனை அழகான வட்டம்.

முதலில் கண், பிறகு மிஷின். மிஷினுக்கு அப்புறம் ஒருநாளும் கண் இல்லை. ஓடினால் போதும், ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிடுவாள். பெட்டி டிஸ்கை நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் படிக்கும். கீறல் ஓரத்தில் இருந்ததால் முதல் ஐந்து நிமிஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. நாலாவது கட்டத்தில் வாடிக்கையாளருக்கு நின்றிருக்கிறது. திரும்பி வந்ததும் அவளே விளக்கில் பிடித்து, அவர்கள் வீட்டுப் பெட்டியைக் குற்றம் சொல்லியிருக்கிறாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள், கீறலைத் தானே போட்டு அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் தானே கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். பாலிஷ் மிஷின் வந்த பிறகு சேதப் புத்தகத்தில் ஆறு வட்டக் கீறல்கள் இருப்பது அவளுக்கு மனப்பாடம். ஆறு வீடு. ஆனால் அவள் நினைப்பு ஒரே வீட்டில்தான் போய் நின்றது. அப்படியானால் வாலு நகர்த்தவே இல்லை. முதலில் அவள் சொன்னதுதான் நிஜம். பிறகு சொன்னதுதான் பொய். அந்தப் பொய்யை மூன்று நாள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். அதற்கு அக்கா பெருந்தன்மையாக மன்னிப்பும் கொடுத்தாள். அக்காவுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு எழுந்து, முதல் வேலையாகப் பெட்டியைத் தரையில் ஒரு ஸ்டூல்மேல் படுக்க வைத்தாள்.

முதலாளியிடம் ஓட்டிக் காட்டினாள். அவர் தலையைச் சொறிந்தார். நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் படுக்க வைத்தே ஓட்டலாம், பழசைக் கிளறினால் கடைக்குத்தான் கெட்ட பேர் என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது, அவர் கடை.

"நீங்க சொல்ல வேண்டாம் சார். அதுல எழுதினது என் கை. நானே சொல்லிக்கிறேன்."

முதலாளி இன்னொரு ஸ்டூலில் ஏறி, கல்லாவுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த அட்டையைக் கழற்றினார். அக்கா சேதப் புத்தகத்தை எடுத்து ஆறு இடத்திலும் 'நகர்த்தியது' என்பதை அடித்து, 'கடை மிஷினில் பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஐந்து பேருக்குப் போன் பண்ணினாள். இரண்டு பேருக்கு அந்த விஷயமே ஞாபகம் இல்லை. ஒருவர் சிரித்தார். ஒரு அம்மாள், என் தம்பியைத் திட்டித் தீர்த்துவிட்டேனே, இப்போது அவன் முகத்தில் எப்படி முழிப்பது என்றாள். ஐந்தாவது ஆள் கத்தினார். அக்கா அவர் முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டாள். ஆறாவது வீட்டுக்குப் போன் போடவில்லை.

வேலை முடிந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. மாப்பிள்ளை கருவிப் பையைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாலு தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பெரியம்மாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து நோட்டை மூடினாள், எதற்கோ தயாராகிறவளைப் போல.

அக்கா செருப்பைக் கழற்றிய கையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மேஜை, மிஷின், நிற்க வைத்த பெட்டி, கிர்ரென்ற சத்தம். வட்டம் போட்ட அந்தக் குப்பை டிஸ்கையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். மாப்பிள்ளை வாங்கிப் பார்த்தார். அதிர்வில்தான் பட்டிருக்கும், லிப்டிலும் இப்படித்தான், சத்தம் ஒரு இடம், கோளாறு இன்னொரு இடம் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு மகளைப் பார்த்தார். தங்கை மடித்த துணியை மறுபடி விரித்து மறுபடி மடித்தாள்.

அக்கா தரையில் வாலுவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பெரியம்மாதான் தப்பு பண்ணிட்டேன். நீ நகர்த்தவே இல்ல. மொதல்ல நீ சொன்னதுதான் சரி. என்னை மன்னிச்சுக்கோடா."

வாலு டிஸ்கைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம் வந்த மாதிரியே தெரியவில்லை. கணக்கு வராதபோது செய்வது போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள். நகர்த்தாதவள் ஏன் நகர்த்தினேன் என்று சொன்னாய் என்று தங்கை கேட்டாள். குரல் உடைந்திருந்தது. அடிக்கு பயந்தா, திட்டுக்கு பயந்தா என்றாள்.

"பயந்தெல்லாம் சொல்லல" என்றாள் வாலு. "பெரியம்மாவுக்கு டிஸ்க் பாத்தாலே தெரியும்னு எல்லாரும் சொன்னீங்க. நானே நகர்த்திட்டு மறந்துட்டேன்னு நெனச்சேன்."

அந்தப் பிள்ளை பொய்கூடச் சொல்லவில்லை. ஆறு வாரமாகத் தன் ஞாபகத்தையே நம்பாமல் இருந்திருக்கிறது. ரிமோட்டை எடுத்தாயா என்றால் தெரியல, கத்தரிக்கோலை எடுத்தாயா என்றால் தெரியல. அந்தத் தெரியல எங்கிருந்து வந்தது என்று அக்காவுக்கு இப்போது புரிந்தது. தட்டை, டிஸ்கை, காலரை எல்லாம் பார்க்கத் தெரிந்த தன் கண் இதைப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, பீரோவுக்கு மேலிருந்து கேம் பெட்டியை இறக்கினார். தூசியைத் துடைத்து டிவிக்குக் கீழே வைத்து வயரைச் சொருகினார். அவசரத்தில் வைத்ததில் அது கோணலாக நின்றது. அதைக் கொஞ்சம் நேராக வை கண்ணு என்று வாலுவிடம் சொன்னார். சாதாரணமாகச் சொன்ன மாதிரிதான் சொன்னார்.

வாலு பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"அது ஓடலதானே? நீங்க பாத்துச் சொல்லுங்க பெரியம்மா."

அக்கா எட்டிப் பார்க்க எழுந்தவள், அப்படியே நின்றாள். பிறகு திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பாக்க மாட்டேன். நீயே பாத்துச் சொல்லு. நீ சொன்னா சரி."

வாலு குனிந்து பெட்டியின் சின்ன விளக்கைப் பார்த்தாள். எரியவில்லை. காதை வைத்துக் கேட்டாள். சுவிட்சையும் ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"ஓடல" என்றாள்.

பிறகு கையை முன்னால் கொண்டுவந்து பெட்டியை நேராக நகர்த்தி வைத்தாள்.